மொட்டைப் பனைக்குப் பதிலாக ஒரு மரம்

1. என் அழகான கையெழுத்து

அந்தப் பனையை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் அதுவரைக்கும் நீங்கள் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ஏமாற்றம் உங்களுக்கு வேண்டாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பட்டணத்தின் தெற்குப் பக்கத்துச் சாலை மரங்களுக்கு நான் ஓவர்சீயர். மயிலாப்பூர், சாந்தோம், தியாகராய நகர், அடையாறு ஆகிய நாலு இடத்திலும் எந்தத் தெருவில் என்ன மரம் நடுவது, எதை வெட்டுவது, எந்தக் கன்றை யார் வீட்டு ஆடு தின்றது என்பதெல்லாம் என் பொறுப்பு. முதல் இரண்டு விஷயமும் என் கையில் இருந்தன. மூன்றாவது ஆட்டின் கையில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபீசுக்குள் மீன் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூடைகளோடு ஏழெட்டுப் பெண்கள். முன்னால் நின்றவள் பெயர் ரோசம்மா என்றும், சாந்தோம் கடலோரக் குப்பத்திலிருந்து மீன் விற்கப் போகிறவள் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவள் கூடைக்குள் கையைவிட்டு ஒரு மரச் சிராயை எடுத்து என் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கறுத்த பனஞ்சிராய்.

"இத்த வெட்டச் சொன்னது யாரு?"

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் உடனே ஒரு ஃபைலைத் திறந்துவிடுவேன். எந்த ஃபைல் என்பது முக்கியமில்லை. அன்றைக்கு அகப்பட்டது அடையாற்றில் ஓர் ஆலமரத்து விழுது மாட்டு வண்டிகளை மறிப்பதாக வந்த புகார். அதைக் கருத்தோடு படித்துக்கொண்டே, "எதை?" என்றேன்.

"கடலோரம் நின்னுகினு இருந்துச்சே மொட்டப் பனை, அத்தத்தான்."

"அதுவா? அது செத்த மரம்மா. இடி விழுந்து தலை போய் ஏழெட்டு வருஷமாச்சு. ஓலை கிடையாது, நுங்கு கிடையாது, நிழல் கிடையாது. என்றைக்காவது யார் தலையிலாவது விழும். உங்க நல்லதுக்குத்தான் வெட்டினது."

"நம்ப நல்லதுக்காம்டி," என்று அவள் பின்னால் திரும்பிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆலமரத்து விழுதில் இன்னும் இரண்டு வரி படித்தேன்.

"சாமி, அந்தக் காயிதத்தக் கொஞ்சம் மூடு. நாலு நாளா எங்க வூட்டுக்காரு பாரைத் தேடிகினு கீறாரு. கெடைக்கல. குப்பத்துல ஒருத்தருக்கும் கெடைக்கல. கூடைய நீயே பாரு."

பார்த்தேன். அடியில் ஒரு கைப்பிடி பொடி மீன். ஆபீசை நிரப்பிய வாடை பழைய கூடையின் வாடைதான்.

பார் என்பது கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மேலே இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். கரையிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளி, அந்தத் திட்டின் மேல் போய் நின்று தூண்டில் இறக்கினால்தான் பெரிய மீன். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கடலில் தெருப் பெயர் எழுதிய பலகை கிடையாது. ஆகவே கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். கடலோரத்துப் பனை, அதற்குப் பின்னால் இருக்கும் மாதா கோயில் கோபுரத்தின் மேல் ஒட்டியது போல் நிற்க வேண்டும். அதே சமயத்தில் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்துத் தென்னந்தோப்பின் ஓரத்தில் பரங்கிமலை எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்தால் காலடியில் பார் இருக்கிறது. பனைக்குத் தலை இருந்த நாளிலிருந்து அதுதான் அவர்களுக்கு வழி. தலை போன பிறகு இன்னும் சௌகரியமாகிவிட்டதாம்.

"கரை பூரா பனையும் தென்னையும்தான் சாமி. மொட்டையா நின்னது அது ஒண்ணுதான். மொட்டையா இருக்கக் கண்டுதான் எங்களுக்கு அது தெரியும்," என்றாள் ரோசம்மா.

அவர்கள் போன பிறகு மர ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பனைக்கு எதிரே, வளைவு நெளிவோடு என் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'பயனற்றது. வெட்டலாம்.'

2. நான் முழு முட்டாள் இல்லை என்பதற்குச் சான்று

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் தியாகராய நகருக்கு அழைத்துப் போகிறேன். அங்கே எனக்கு நல்ல பெயர்.

தெருக்கள் புதுசு, வீடுகள் புதுசு, வெயில் மட்டும் பழசு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் என்ன மரம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். ஒரு ரிடயர்டு சப்ஜட்ஜ், "மரம் வேணும். ஆனா காக்காய் வரப்படாது," என்று எழுதிக் கொடுத்தார். காக்காய் உட்காராத மரம் எங்கள் நாற்றங்காலில் இல்லை என்று பதில் எழுதினேன். ஓர் அம்மாள் வேம்பைத் தவிர வேறு எதையும் நடக்கூடாது என்றார். பக்கத்து வீட்டுக்காரர், வேம்பு நட்டால் இலையெல்லாம் தம் கிணற்றில் விழும் என்று சண்டைக்கு வந்தார். கிணறு இருக்கும் பக்கத்தை விட்டுத் தள்ளி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான மூலையில் வேம்பை நட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று மூன்று நாள் அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் நட்டேன்.

அந்த வேம்பு இப்போது பெரிதாகியிருக்கும். பங்குனி கடைசியில் அந்த மூலையைக் கடந்து போனால் சட்டைத் தோளில் பூ உதிரும். நான் இப்போது இருக்கிற ஊரிலும் வேம்பு உண்டு, பூவும் உதிர்கிறது. ஆனால் அது வேறு யாரோ நட்ட வேம்பு. அந்தப் பூவைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

அப்போது ஒரு கன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் நாலு கேள்வி கேட்பேன். வேர் எங்கே போகும்? இலை எப்போது கொட்டும்? பெருங்காற்றில் கிளை முறியுமா? ஆடு தின்னுமா? இந்த நாலையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருந்தேன். நாலும் மரத்தின் அடியில் நிற்பவன் கேட்கும் கேள்விகள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

3. சிவப்புப் பூவும் சிவப்புத் தலைப்பாகையும்

குப்பத்துக்காரர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. பனை நின்ற இடத்தில் ஒரு மூங்கிலை நட்டு நுனியில் கந்தல் துணியைக் கட்டினார்கள். மறுநாளே ஒரு போலீஸ்காரர் வந்து பிடுங்கிப் போட்டார். யுத்த காலத்தில் கடற்கரையில் கொடி கட்டுவது கடலில் வரும் எதிரிக்குச் சைகை காட்டுவதாகும் என்பது அவர் கட்சி. துணியை எடுத்துவிட்டு வெறும் மூங்கிலை நட்டார்கள். அதையும் பிடுங்கினார். நட்டது எதுவானாலும் பிடுங்குவேன், முளைத்தது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னாராம். ஆக, மரம்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

எங்கள் சூப்பிரண்டிடம் போனேன். அவர் மரங்களைப் பூவாகப் பார்க்கிற மனிதர்.

"குல்மொஹர் போடய்யா. பீச் ஓரம் முழுக்க ரெட்டா பூத்தா எப்படி இருக்கும், இமேஜின் பண்ணிப் பார்."

"உப்புக் காத்துல கருகிப் போயிடும் சார்."

"கருகினா அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நடு."

"சார், அந்த ஜனங்களுக்குக் கடல்லேருந்து பார்த்தா தெரியற மாதிரி ஒரு மரம் வேணுமாம்."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கடல்லேருந்து யாருய்யா மரத்தைப் பார்ப்பா?" என்றார். ஒரு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் என் நோட்டுப் புத்தகத்தோடும் தோட்டக்காரர்களின் தலைமாலி முனுசாமியோடும் குப்பத்துக்குப் போனேன். ரோசம்மாவின் புருஷன் சூசை வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். ஐம்பது வயது, குறைந்த பேச்சு. பேச்சையெல்லாம் சேர்த்து ரோசம்மாவே பேசிவிடுவதால் அவனுக்கு அவசியம் இருக்கவில்லை. நான் பட்டியலைப் படித்தேன்.

"தென்னை?"

"கரை பூரா தென்னை. எது நம்புளுதுன்னு எப்டிக் கண்டுகிறது?"

"புன்னை? உப்புக் காத்துக்கு அசையாது. நல்ல நிழல்."

"குண்டா இருக்கும். தூரத்துல பாறாங்கல்லு மாரி பூடும்."

"பூவரசு? போத்து வெட்டி நட்டா ஒரே வருஷத்துல துளிர்த்துடும்."

"வூட்டு ஒசரத்துக்கு மேல வராது சாமி. கூரையோட கூரையா கலந்துடும்."

"அப்போ என்னதான் வேணும்?"

சூசை கடல் பக்கம் கையைக் காட்டினான். "இங்க குந்திகினு கேட்டா நான் இன்னா சொல்றது? அங்க வந்து பாரு," என்றான்.

முனுசாமி உடனே, "நைனா சொல்றது ரைட்டு சார். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் கரையில நின்னுக்கிறேன்," என்றான். அவ்வளவு வேகமாக அவன் என்றைக்கும் எந்த வேலைக்கும் ஒப்புக்கொண்டதில்லை.

4. கடலில் ஓவர்சீயர்

"ஆபீஸ்ல மரம் நடறதுன்னா கரையிலதானே நடுவா? நீங்க எதுக்குக் கடலுக்குப் போறேள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"மரத்தைப் பார்க்க."

"மரம் இங்கே இருக்கு. நீங்க அங்கே போய்ப் பார்ப்பேளா?"

"ஆமாம்."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு, "கோட்டுச் சட்டையை ஆத்துலேயே கழட்டி வச்சுட்டுப் போங்கோ. நனைஞ்சா சுருங்கிப் போயிடும்," என்றாள். நான் நனைவதைப் பற்றிக் கவலை இல்லை போலும்.

திட்டம் என்னுடையதுதான். இப்போது நினைத்தாலும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை, நான் அதில் இருந்ததைத் தவிர. முனுசாமி பனையின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட கழியோடு நிற்க வேண்டியது. கழியின் நுனியில் முதலில் தென்னங்கீற்று, அப்புறம் பூவரசுக் கிளை, அப்புறம் புன்னை, கடைசியில் சவுக்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டித் தூக்க வேண்டியது. நாங்கள் கடலில் இருந்து எது கோபுரத்தின் மேல் பளிச்சென்று தெரிகிறது என்று பார்க்க வேண்டியது. சரி என்றால் சூசை துடுப்பைத் தூக்குவான்.

கட்டுமரத்தை அதுவரை நான் தூரத்தில் இருந்துதான் பார்த்திருந்தேன். தூரத்தில் இருந்து அது படகு மாதிரி இருக்கும். கிட்டப் போனால் நாலு கட்டைகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் கீழேயிருந்து தண்ணீர் வந்து நலம் விசாரித்தது.

முதல் அலையில் எனக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாவது அலையில் தெரிந்த சுலோகங்களை எல்லாம் ஆரம்பித்தேன். ஒன்றிலும் இரண்டாவது வரி வரவில்லை. மூன்றாவது அலை என் தலைக்கு மேலாகவே போயிற்று. அது போன பிறகு கண்ணைத் திறந்தால் உலகம் முழுவதும் கஞ்சித் தண்ணீர் போல் இருந்தது. மூக்கைத் தடவினேன். கண்ணாடி இல்லை.

"சூசை, என் கண்ணாடி."

"அது பூட்ச்சி சாமி. கட்டையப் புடிச்சுக்க."

எனக்குக் கண்ணாடி இல்லாமல் என் கையே தெரியாது. ஆக, மரத்தைக் கடலிலிருந்து பார்ப்பதற்காக உயிரைப் பணயம் வைத்துப் போன சர்க்கார் உத்தியோகஸ்தர், கடைசியில் பார்த்தது ஒன்றுமே இல்லை. இதை மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் நான் குறிப்பிடவில்லை.

அலை எல்லையைத் தாண்டியதும் கடல் அமைதியாகிவிட்டது. என் வயிறு அமைதியாகவில்லை. கட்டுமரத்தின் ஒரு பக்கத்தில் வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த வலைக்கு நான் செய்ததை இங்கே விவரிக்க வேண்டாம். சூசை மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டான்.

பார் வரைக்கும் போகாமல், கரையில் ஆள் அசைவது தெரிகிற தூரத்திலேயே நிறுத்தினான்.

"ஆரமிச்சுட்டான். கீத்து."

"எப்படி இருக்கு?"

"சொன்னேனே. நூத்துல ஒண்ணு." கொஞ்சம் கழித்து, "பூவரசு. தெரியல." இன்னும் கொஞ்சம் கழித்து, "புன்னை. மூட்டை மாரி கீது."

நான் கரை இருக்கும் என்று தோன்றிய பக்கம் திரும்பி, புரிந்தது போலத் தலையை ஆட்டினேன்.

பிறகு அவன் எழுந்து நின்றான். கட்டுமரம் சாய்ந்தது. "இது இன்னா எலை? தொடப்பம் மாரி, பூப்பூவா?"

"சவுக்கு."

"கம்பு தெரியுது, மேல கொண்டை தெரியுது. கோபுரம் வெள்ளையா கீதா, அதும் மேல கருப்பா நிக்குது. சாமி, இதான்." துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினான். நானும் என் பங்குக்கு இரண்டு கையையும் ஆட்டினேன். உடனே மறுபடியும் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப செவப்பா ஒண்ணு தெரியுது," என்றான் சூசை.

"பூவா? முனுசாமி பூ ஒன்றும் கொண்டுவரலையே."

"பூ ஓடியாருமா சாமி? அது போலீசுக்காரன் தலைப்பா."

கழி சாய்ந்தது என்றான். முனுசாமி ஓடுகிறான் என்றான். அப்புறம், போலீஸ்காரர் கடலைப் பார்த்து நிற்கிறார், நம்மைத்தான் பார்க்கிறார் என்றான். எனக்கு அது ஒன்றுதான் நன்றாகத் தெரிந்தது, கண்ணாடி இல்லாமலே.

5. ஒரே ஒரு சவுக்கு

மறுநாள் சூப்பிரண்டு மேஜையில் ஒரு ரிப்போர்ட் இருந்தது. கரையில் ஒரு நபர் பலவித இலைகளைக் கழியில் கட்டி ஆட்டியதாகவும், கடலில் இருந்து குட்டையான ஒரு நபர் இரு கைகளாலும் பதில் சைகை கொடுத்ததாகவும் அதிலிருந்து அவர் படித்துக் காட்டினார்.

"குட்டையான நபர் யாருய்யா?"

"நான்தான் சார்."

"ஜப்பான்காரனுக்கு என்னய்யா சொன்னே?"

"சவுக்குன்னு சொன்னேன் சார்."

 கண்ணாடி இல்லாததால் அவர் கோபமாகப் பார்க்கிறாரா, சிரிக்கிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பனை, பார், கூடை, ரிஜிஸ்டரில் நான் எழுதியது எல்லாம்.

"சவுக்கு விறகய்யா. இந்த விறகுப் பஞ்சத்துல ரெண்டு மாசம் நிக்குமா அது?"

"அந்த ஜனங்க காவல் காப்பாங்க சார்."

"ஒரே ஒரு மரம். மத்த இடமெல்லாம் பூவரசு. செத்தா உன் பொறுப்பு," என்று கையெழுத்துப் போட்டார். குல்மொஹரைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. போலீசுக்கு அவரே பதில் எழுதினார் என்று கேள்விப்பட்டேன்.

ஐப்பசி மழையில் நட்டோம். ஐந்து நாற்றை நெருக்கி வைத்து, அதில் நேராக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டோம். கடல் பக்கம் ஓலைத் தட்டி. தண்ணீருக்கு மணலில் தோண்டிய ஊற்று. கீழ்க் கிளைகளை வருஷத்துக்கு ஒருமுறை முனுசாமி கழித்து, தலையில் மட்டும் கொண்டை விட்டான். மரத்தை அழகாக்குவது என்றுதான் நாங்கள் கற்றிருந்தோம். ஒரு மரத்தை வேண்டுமென்றே அவலட்சணமாக்கியது அதுதான் முதல் தடவை. ரோசம்மா தன் பங்குக்கு அடியில் மூன்று பனங்கொட்டையைப் புதைத்தாள்.

"பனை வர இருபது வருஷம் ஆகுமேம்மா."

"ஆவட்டும். உன் மரம் பட்டுப்போனா, அப்ப இன்னொரு ஓவர்சீருகிட்ட வந்து நிக்க எனக்கு முட்டில தெம்பு இருக்குமா?"

மரம் வளர்வதற்குள் நடந்ததைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. சிலர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தடவித் தடவிப் பாரைத் தேடினார்கள். சில நாள் கிடைத்தது, பல நாள் கிடைக்கவில்லை. சூசை துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனான். காலை வேளைகளில் மயிலாப்பூர் டிராம் நிற்கும் இடத்தில் அவனைப் பார்ப்பேன். தலையில் சாக்கு, கண் கீழே. கடலில் நின்றுகொண்டு துடுப்பைத் தூக்கிய ஆள். என்னைப் பார்த்தால், "எவ்ளோ ஒசரம் சாமி?" என்று மட்டும் கேட்பான். ஐந்தடி என்பேன். ஏழடி என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட நான் அந்தச் சவுக்கை அளக்கப் போனேன். இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்ன நாட்களும் உண்டு.

மூன்றாவது வருஷம், ஒரு நாள் பத்தரை மணிக்கு ஆபீசில் மீன் வாடை வந்தது. இந்தத் தடவை புது மீன் வாடை. பழக்க தோஷத்தில் ஃபைலைத் திறந்தேன். ரோசம்மா திறந்த ஃபைலின் மேலேயே ஒரு முழு வஞ்சிரத்தை வைத்தாள்.

"பாரு கெடைச்சுது."

"எங்க ஆத்துல இதெல்லாம்..."

"துன்னாதே. சும்மா பாரு."

பார்த்தேன். முனுசாமி என்னைவிடக் கவனமாகப் பார்த்தான்; சாயங்காலம் அது அவன் வீட்டுக்குப் போயிற்று. அந்த ஃபைலில் இன்றைக்கும் மீன் வடிவத்தில் ஒரு கறை இருக்கும்.

"எங்க வூட்டுக்காரு உன்னக் கூட்டியாரச் சொன்னாரு. மரம் எப்டித் தெரியுதுன்னு நீ பாக்கணுமாம். இந்த தபா கண்ணாடியக் கட்டிகினு வரணுமாம்," என்றாள்.

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்றேன். அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஜலதோஷம். நாலாவது வாரம் மாற்றல் உத்தரவு வந்தது, கடலே இல்லாத ஓர் ஊருக்கு.

6. இன்னொருவர் கையெழுத்து

சில வருஷம் கழித்து, மைத்துனி பெண் கல்யாணத்துக்காக மயிலாப்பூருக்கு வந்தேன். முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் சாந்தோமுக்கு நடந்தேன்.

நின்றுகொண்டிருந்தது. முப்பது அடி இருக்கும். காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்து, உடம்பில் ஒரு கிளை இல்லாமல், தலையில் மட்டும் கலைந்த கொண்டை. அடியில் பனங்கொட்டை மூன்றில் இரண்டு முளைத்து, நெஞ்சு உயரத்துக்கு விசிறி விசிறியாக ஓலை விட்டிருந்தன. கிட்டப் போனேன். சவுக்கின் அடியில் தாரால் ஒரு நம்பர் போட்டிருந்தது. அந்த நம்பர் எதற்கு என்பது இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வெட்டப்போகும் மரத்துக்குத்தான் தார் பூசுவோம்.

ஓட்டமும் நடையுமாகப் பழைய ஆபீசுக்குப் போனேன். என் இடத்தில் சபாபதி என்பவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஒழுங்கான மனிதர். ரிஜிஸ்டரைக் காட்டினார். 'சாய்ந்த சவுக்கு. நிழல் இல்லை. பயனற்றது. வெட்டலாம்.' கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடல்லேருந்து யார் சார் மரத்தைப் பார்ப்பாங்க?" என்றார்.

மறுநாள் காலையில் அவரைக் கரைக்கு அழைத்துப் போனேன். சூசைக்குத் தலை நரைத்திருந்தது. அவன் நேராக சபாபதியிடம், "நீ குந்து சார்," என்றான்.

"நானும் வரேனே, சூசை."

"நீ வாணாம் சாமி. போன தபா நீ பண்ண வேலையில வலை ஒரு வாரம் நாறிச்சு. ராத்திரி கல்யாணச் சாப்பாடு வேற துன்னுட்டு வந்திருக்கே." ரோசம்மாவும் அதையே சொன்னாள், இன்னும் விவரமாக.

கட்டுமரம் அலையைத் தாண்டிப் போய்ப் புள்ளியாகிவிட்டது. நான் என் சவுக்கின் அடியில் நின்றேன். என் மூக்கின்மேல் புதுக் கண்ணாடி இருந்தது; கடல் முழுவதும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் நான் பார்க்க விரும்பியது எனக்கு முதுகுக்குப் பின்னால், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் இருந்தது. அது எப்படித் தெரியும் என்பது அந்தப் புள்ளிக்குத்தான் தெரியும். புள்ளியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன்.

சபாபதி தெப்பமாக நனைந்து, முகம் வெளுத்து வந்து சேர்ந்தார். மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். 

"ரிஜிஸ்டர்ல மாத்தி எழுதிடறேன்," என்றார் கடைசியில். எழுதவும் செய்தார். வெட்டலாம் என்பதை அடித்துவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியது இது: 'கடலிலிருந்து பார்க்கவும்.'

"எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "நான்கூடக் கையை ஆட்டினேனே."

"அப்படியா?" என்று அவர் யோசித்தார். "நீங்க தெரியலை சார். மரம் தெரிஞ்சுது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேர், இலை, கிளை, ஆடு ஆகிய நாலையும் கேளுங்கள். கேட்டு முடித்ததும் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுவிடாதீர்கள். இந்த மரத்தை யார், எங்கிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஐந்தாவதாக ஒன்று கேளுங்கள். முடிந்தால் அங்கே போய் நின்று பாருங்கள். பயனற்றது என்று எழுதும் முன் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

நான் இப்போது இருக்கிற ஊரில் காற்று அடித்தால் சவுக்கு இரைவது போல் ஒரு சத்தம் கேட்கிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பருத்தி மில்தான். பதினைந்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தால் அழைத்துப் போவதாகச் சூசை சொல்லி அனுப்பியிருக்கிறான். கண்ணாடிக்குக் கயிறு வாங்கி வைத்துவிட்டேன்.